ஒன்பதரை மணி நேரத்தில் சேலம்

எங்கள் தெருவில் ஒரு பெண்மணி பல் பிடுங்கிக்கொள்ள விமானத்தில் போகிறார். முதலில் கேட்டபோது ஏதோ பெரிய வசதிக்காரி என்று நினைத்தேன். அப்புறம்தான் விளங்கியது, நான் குடியிருக்கும் புரோனோய்சுண்ட் என்கிற இந்த நார்வே கடலோரச் சிற்றூரில் விமானம் என்பது டவுன் பஸ். மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன ஊர்களில் எல்லாம் இறக்கையில் விசிறி சுழலும் ஒரு குட்டி விமானம் இறங்கும். நாலு பேரை இறக்கிவிட்டு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு எழும்பும். மொரப்பூரிலும் பொம்மிடியிலும் நின்று நின்று போகிற பாசஞ்சர் ரயிலுக்கும் இதற்கும் நான் கண்ட வித்தியாசம், இதில் வேர்க்கடலை விற்பவர் ஏறுவதில்லை என்பது மட்டும்தான். விமான நிலையம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். பெட்டியை இழுத்துக்கொண்டு ஆட்கள் போவதைச் சமையலறை ஜன்னலில் நின்று பார்க்கலாம். உள்ளே மடியில் கேக் டப்பாவும் கையில் பின்னல் ஊசியுமாக உட்கார்ந்திருப்பார்கள். பறக்கப்போகிற பரபரப்பு ஒருவர் முகத்திலும் இருக்காது. எனக்கு மட்டும் இன்றைக்கும் பெல்ட் போடும்போது உள்ளங்கை வேர்க்கும்.

என் பிழைப்பு சால்மன் மீன் பண்ணையில் பம்புகளைப் பார்த்துக்கொள்வது. கடத்தூருக்குப் பக்கத்தில், போர் போட்டால் புழுதி மட்டும் வருகிற ஊரில் பிறந்தவன், கடல் தண்ணீரை இறைத்து மறுபடியும் கடலிலேயே விட்டுச் சம்பளம் வாங்குகிறேன். இதன் நியாயத்தை யோசிக்க ஆரம்பித்தால் வேலை ஓடாது. எங்கள் ஊரில் விமானம் என்பது கடலைக் காட்டில் களை எடுக்கிறவர்கள் இடுப்பை நிமிர்த்துவதற்கு ஒரு சாக்கு. பெங்களூரிலிருந்து கிளம்பியது எங்கே போகிறது என்று ஆளுக்கொரு நாட்டைச் சொல்லிச் சண்டை போடுவோம். பிறகு சேலத்துக்கு விமான நிலையம் வந்தது, விமானம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. எங்கள் ஊரிலிருந்து அதில் ஏறியவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அது இருக்கிறது என்கிற பெருமை எல்லோருக்கும் உண்டு. அந்தப் பெருமைதான் போன மாசி மாதம் என் உயிரை வாங்கியது.

என் தங்கை செல்விக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தையில்லை. மாமியார் வீட்டில் அதற்காக அவள் வாங்கிய பேச்சுகளை இங்கே எழுதினால் அவள் மாமியார் இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிடுவார், வேண்டாம். ஒருவழியாகக் கவின் பிறந்தான். நான்தான் அவனுக்கு ஒரே தாய்மாமன். மொட்டையும் காதுகுத்தும் என் மடியில் நடக்க வேண்டும். ஊரில் இது எப்படிப்பட்ட விஷயம் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சபையில் அந்த மடி காலியாக இருந்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, அதன் அம்மாவுக்குத்தான் ஆகும். பிறந்த வீட்டில் ஏனென்று கேட்க ஆளில்லாதவள் என்று பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொல்வார்கள். பேச்சு வாங்கியே பழகியவளுக்கு இன்னும் ஒரு பேச்சு வாங்கித் தரக்கூடாது என்பதில் நான் தெளிவாக இருந்தேன். எத்தனை நாள் முன்னால் சொன்னாலும் வந்துவிடுகிறேன், முகூர்த்தம் வைக்கிறதுக்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். கேட்டார்கள். ஆனால் என்னைக் கேட்கவில்லை, இணையத்தைக் கேட்டார்கள்.

செல்வியின் கணவர் மாதையன் கடத்தூரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். பயிருக்கு என்ன நோய் வந்தாலும் போனைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார். ஒருநாள் கூப்பிட்டார்.

"மச்சான், ஞாயித்துக்கெழம வெச்சிட்டோமுங்க. ஒம்பதுலருந்து பத்தரைக்குள்ள. நீங்க வெள்ளிக்கெழம வேலைய முடிச்சிட்டு ஏறுனீங்கன்னா, சனிக்கெழம நம்ம வூட்டுல குளிச்சிட்டு நிம்மதியா தூங்கலாம்."

"அதெப்படி மாப்ளெ வர முடியும்?"

"ஒம்பதர மணி நேரந்தானுங்களே. உங்கூர்ல ஏறி சேலத்துல எறங்கறதுக்கு."

கூடவே ஒரு படத்தையும் அனுப்பினார். உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையத்தைக் கேட்டாலும் நடுவே உள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் ஏதோ ஓர் இணையப் பக்கம். ஒரு முனையில் புரோனோய்சுண்ட், மறுமுனையில் சேலம், நடுவே வில் மாதிரி வளைந்த ஒரு சிவப்புக் கோடு. சுமார் ஏழாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். விமான நேரம் ஒன்பதரை மணி. கோட்டின் மேல் ஒரு குட்டி விமானப் படம் வேறு, ஏறிக்கொள் என்று கூப்பிடுகிற மாதிரி.

"மாப்ளெ, அப்படி ஒரு ப்ளேனே கெடையாது."

"இல்லாததுக்கு எதுக்குங்க மணி போட்டு வெக்கறான்?"

ஒரு பொறியியல் பட்டதாரிக்குரிய அகந்தையோடு விளக்கப் புறப்பட்டேன். "அது சும்மா ஒரு கணக்கு மாப்ளெ. இங்கருந்து அங்க கயிறு கட்டி இழுத்த மாதிரி நேரா அளந்து போட்டிருக்கான்."

"நீங்க நேராவே வாங்க மச்சான். சுத்தி வாங்கன்னு யாரு சொன்னா?"

நான் மூன்று ஊர்களில் இறங்கி ஏற வேண்டும், சேலம் விமானம் எனக்கு ஒத்துவருகிற நேரத்தில் இல்லை, பெங்களூரில் இறங்கிக் காரில்தான் வர வேண்டும், எல்லாம் கூடி ஒன்றரை நாளுக்குக் குறையாது என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பேரம் பேசுகிற வாடிக்கையாளரிடம் வைத்துக்கொள்கிற பொறுமை அது. பிறகு, பத்திரிகை அடித்தாகிவிட்டது, ஃப்ளெக்ஸுக்கும் கொடுத்தாகிவிட்டது என்றார். ஃப்ளெக்ஸின் படத்தையும் அனுப்பினார். என் கல்யாணப் போட்டோவிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். எனக்கு அப்போது இருந்த முடியைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. தோளுக்குப் பக்கத்தில் நாலு எஞ்சின் வைத்த பெரிய விமானம். "நார்வேயிலிருந்து வருகை தரும் தாய்மாமன்" என்று மஞ்சள் எழுத்து.

செல்வி போனை வாங்கினாள். "வர மனசில்லன்னா சொல்லிருண்ணா. முனிரத்தினம் அண்ணங்கிட்ட சொல்லிக்கறேன். அவரு பொம்மிடிலருந்து பைக்குல வந்துருவாரு."

முனிரத்தினம் எங்கள் பெரியப்பா மகன், முறைக்கு அவரும் கவினுக்கு மாமன்தான். அவர் மடியைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மனசு. இதற்கு முன்னால் எத்தனை முறை ஊருக்கு வர முடியாமல் போயிருக்கிறது, யாரும் என் மனசைப் பற்றிப் பேசியதில்லை. தூரம், பாவம், என்ன பண்ணுவான் என்றார்கள். இப்போது எவனோ ஒரு கோட்டைப் போட்டு ஒரு மணியையும் எழுதி வைத்துவிட்டான். ஒன்றரை நாள் என்றால் அது தூரம். ஒன்பதரை மணி என்றால் அது மனசு. அந்தப் பக்கத்தைத் திறந்து மறுபடி படித்தேன். அடியில், தேடினால் கண்ணில் படுகிற எழுத்தில், சராசரி வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொண்டால் என்று இருந்தது. யார் பறப்பதாக? எதில்? கொக்காகப் பிறந்திருந்தால் எனக்கு இந்தத் தகவல் உதவியாக இருந்திருக்கும். அதற்கும் கீழே, சேலத்தில் தங்குவதற்கு நல்ல விடுதிகள் பார்க்கவா என்று கேட்டிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பக்கத்துக்கு நாலு வரி எழுதலாம் என்று பார்த்தேன். எழுதினால் படிக்கிற ஆள் அங்கே இருப்பதாகவே தெரியவில்லை.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புறப்பட்டு லண்டனிலும் துபாயிலும் இருப்பவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியாது. அவர்கள் ஏறுகிற ஊரிலிருந்து இறங்குகிற ஊருக்கு உண்மையிலேயே விமானம் இருக்கிறது. இந்த முனையில் ஒரு சின்ன ஊர், அந்த முனையில் ஒரு சின்ன ஊர் என்று வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்கள்தான் மாட்டிக்கொள்கிறோம். பூமி உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் எங்களை ஏமாற்றினார்கள். டிக்கெட் எடுத்துப் பாருங்கள், பூமி என்பது நாலைந்து பெரிய விமான நிலையங்களும் அவற்றுக்கு வெளியே கொஞ்சம் ஜனங்களும்.

சரி, ஊர்தான் நம்பவில்லை, இங்கேயாவது விடுப்பைச் சீக்கிரம் வாங்கலாம் என்று எங்கள் மேலாளர் இங்ரிட்டிடம் போனேன். நியாயமான பெண். ஆனால் நான் விடுப்புக் கேட்ட வாரம் சரியில்லை. சால்மன் மீன்களின் உடம்பில் பேன் பிடிக்கும். அதை எடுக்க ஒரு கப்பல் வரும். அந்த வாரம் பூராவும் பம்புகள் நிற்காமல் ஓட வேண்டும். இந்தப் பக்கம் மீனுக்குப் பேன் எடுக்க வேண்டும், அந்தப் பக்கம் மருமகனுக்கு மொட்டை அடிக்க வேண்டும். தங்கை மகனின் காதுக்காக ஊருக்குப் போகிறேன் என்றேன்.

"காதில் என்ன?" என்று கவலையாகக் கேட்டாள்.

"ஒன்றுமில்லை. ஓட்டை போடப் போகிறார்கள்."

"மருத்துவமனையிலா?"

"கோயிலில்."

"நீயா போடுவாய்?"

"நான் உட்கார்ந்திருப்பேன். அவன் என் மடியில் உட்காருவான்."

இங்ரிட் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "அவனுக்கு அப்பா இல்லையா?"

"இருக்கிறார். அவர் மடி செல்லாது."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. பிற கலாச்சாரங்களை மதிப்பது பற்றி அவர்களுக்கு ஆண்டுதோறும் வகுப்பு நடக்கிறது. கணினியின் பக்கம் திரும்பி ஏதோ தட்டினாள். பிறகு முகம் மலர்ந்து திரையை என் பக்கம் திருப்பினாள். அதே சிவப்புக் கோடு. அதே குட்டி விமானம். "ஒன்பதரை மணி நேரம்தானே. வெள்ளி சாயங்காலம் போனால் போதும்" என்றாள். மாதையனும் இங்ரிட்டும் இந்தப் பிறவியில் சந்தித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மாதிரி அந்தக் கோட்டை நம்பினார்கள். இல்லாத விமானம் இல்லை என்பதை இரண்டு நாடுகளிலும் நிரூபிக்கிற வேலை எனக்கு. பயணச்சீட்டைக் காட்டி, வரைபடத்தைக் காட்டி, வியாழக்கிழமை மதியத்திலிருந்து விடுப்பு வாங்கினேன். அதில் ஞாயிறு காலை முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு முழு ராத்திரித் தூக்கத்துக்குக்கூட இடம் இருந்தது.

வியாழன் மதியம் கடலிலிருந்து காற்று கிளம்பியது. பெட்டியோடு நடந்தபோதே என்னைக் குறுக்கே தள்ளியது. விமானம் சரியான நேரத்துக்கு வந்தது. எங்கள் தலைக்கு மேல் ஒரு சுற்று சுற்றியது. கண்ணாடி வழியாக நாங்கள் அதைப் பார்த்தோம், அதுவும் எங்களைப் பார்த்திருக்கும். பிறகு அப்படியே அடுத்த ஊருக்குப் போய்விட்டது. பஸ் நிற்காமல் போனால் எங்கள் ஊரில் கல்லெடுத்துக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். இங்கே பின்னல்காரர்கள் ஊசியை நூல்கண்டில் குத்தி எழுந்து வீட்டுக்குக் கிளம்பினார்கள். வேர்ஃபாஸ்ட் என்று ஒரு சொல் இவர்களிடம் இருக்கிறது. வானிலையால் கட்டுண்டு கிடப்பவன் என்று அர்த்தம். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் இங்கே கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் மன்னிப்பு, சாவுக்குப் போகாவிட்டாலும் மன்னிப்பு. யாரும் மனசு வரைக்கும் போக மாட்டார்கள். வந்து சேர்ந்த இத்தனை வருஷத்தில் இவர்களிடம் நான் பொறாமைப்பட்ட ஒரே சொத்து அந்தச் சொல். மாதையனைக் கூப்பிட்டு, காத்து அதிகம், ப்ளேன் எறங்கலை என்றேன்.

"காத்தா?" என்றார். "ப்ளேனு காத்துலதானுங்களே போவுது?"

அடுத்த விமானம் மறுநாள்தான் கிடைத்தது. அதற்குள் ஆஸ்லோவில் நான் பிடிக்க வேண்டிய பெரிய விமானம் என்னை விட்டுவிட்டுப் போயிருந்தது. வேறொன்றில் இடம் வாங்கி, ஆஸ்லோவில் உட்கார்ந்து, வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் இன்னும் நிறைய உட்கார்ந்தேன். அங்கே எனக்கு எதிரே ஆறேழு தமிழர்கள். ஒருவர் கையில் கம்பளிப் போர்வை, ஒருவர் கையில் கயிறு சுற்றிய டிவி. பக்கத்தில் இருந்தவர் எங்கே போகிறேன் என்று கேட்டார். தர்மபுரிப் பக்கம், காதுகுத்து என்றேன். "தாய்மாமனா?" என்றார். ஆமாம் என்றதும் கையில் இருந்த வாட்சைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தன் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார். இணையப் பக்கம் எதுவும் பார்க்காமலே அவருக்குக் கணக்கு தெரிந்திருந்தது.

பெங்களூரில் ஞாயிறு காலை வெளியே வந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பெங்களூர் விமான நிலையம் ஊருக்கு வடக்கே, நான் போக வேண்டியது தெற்கே. ஒரு மாநகரத்தைத் தலையிலிருந்து கால் வரை கடக்க வேண்டும். இதையும் அந்தச் சிவப்புக் கோடு சொல்லவில்லை. அத்திப்பள்ளிக்குள்ளேயே ஒன்பது மணி தாண்டிவிட்டது. மாதையன் விடாமல் கூப்பிட்டார்.

"எங்க இருக்கீங்க?"

"ஓசூரு தாண்டறோம்."

"ஓசூரா, அப்ப வந்துட்டீங்க." பிறகு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குச் சொல்வது கேட்டது. "வந்துட்டாருங்க, வந்துட்டாருங்க."

கிருஷ்ணகிரியில் கூப்பிட்டபோது அவர் குரலில் சத்தம் குறைந்திருந்தது. "அரை மணி நேரம் தள்ளக் கூடாதா மாப்ளெ?" என்றேன். "நேரத்த நானா மச்சான் வெச்சேன்? ஜோசியர் குறிச்சது" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. என் பயண நேரத்தை ஒருவன் குறித்திருந்தான், முகூர்த்த நேரத்தை ஒருவர் குறித்திருந்தார். இரண்டு பேருமே என்னைக் கேட்கவில்லை. தர்மபுரி வந்தபோது பத்தரை கடந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. கடத்தூர் வரைக்கும் நானும் கூப்பிடவில்லை. ஓட்டுநர் பாட்டை நிறுத்திவிட்டார். எழவு வீட்டுக்குப் போகிற வண்டி போல இருந்தது.

கோயில் வாசலில் நாலு எஞ்சின் விமானத்தோடு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. "நார்வே வந்துருச்சு" என்று யாரோ சொல்ல, இலையிலிருந்து தலைகள் நிமிர்ந்தன. யார் முகத்தையும் பார்க்காமல் போனேன். பந்தலின் நடுவே பலகையில் முனிரத்தினம் புது வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் கவின், மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, அழுது ஓய்ந்த விக்கலோடு. வலது காதில் தங்கம் மின்னியது. இடது காது வெறுமனே இருந்தது.

எனக்குப் புரியவில்லை. செல்வி எழுந்து வந்தாள். "மொட்டையும் ஒரு காதும் முகூர்த்தத்துக்குள்ள முடிச்சாச்சு. இன்னொரு காத உனக்குன்னு நிறுத்தி வெச்சிருக்கேன். கால கழுவிட்டு வந்து உக்காரு."

"ஒத்தக் காதோட புள்ளய ஒக்கார வெச்ச கத இந்தச் சுத்துப்பட்டுல கெடையாது" என்றார் அவள் மாமியார், எல்லோருக்கும் கேட்கும்படி.

"இனிமே இருக்கும்ங்க அத்தே" என்றாள் செல்வி. ஒன்றே கால் மணி நேரமாக அவள் இதே பதிலை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள் என்று அவள் குரலிலேயே தெரிந்தது. தொண்டை கட்டியிருந்தது.

காது குத்துகிற ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு கோபமாக உட்கார்ந்திருந்தார். "பன்னெண்டு அடிச்சா எமகண்டமுங்க. அதுக்கு மேல நான் கை வெக்க மாட்டேன். பொம்மிடில வேற என்னத் தேடிட்டு இருக்கறாங்க." முனிரத்தினம் வேட்டியை உதறி எழுந்து எனக்கு இடம் விட்டார். "வாப்பா. பாதி மாமன் வேல முடிஞ்சுது. மீதிய நீ பாத்துக்க." மாதையன் துண்டை எடுத்து என் தோளில் போட்டார். காதோரம் குனிந்து, "ஒம்பதரன்னு போட்டவன சும்மா வுடக்கூடாதுங்க மச்சான்" என்றார். அவரும் நானும் ஒரே கட்சியில் சேர்ந்தது அப்போதுதான். பேன்ட்டின் மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தேன்.

கவினை என் மடியில் வைத்தார்கள். ஊசி என்றால் என்ன என்று அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. என்னைத்தான் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் பேசுவோம். கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுவேன், அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போன் கண்ணாடியில் முத்தம் கொடுப்பான். வேர்த்து வழியும் இந்த வழுக்கைத்தலை ஆளை அவன் இதற்கு முன் பார்த்ததில்லை. உடம்பை வில்லாக வளைத்து அலறினான். என் சட்டையைப் பிடித்துத் தள்ளினான். ஆசாரி தலையைக் கெட்டியாகப் பிடிக்கச் சொன்னார். எனக்குக் கை வரவில்லை. செல்வி ஓடிப்போய்த் தன் போனை எடுத்து வந்தாள். பனிக்காலத்தில் நான் அனுப்பிய ஒரு வீடியோவைத் தேடி எடுத்து அவன் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"இங்க பாரு சாமி, யாரு வந்திருக்கறாங்க பாரு. நார்வே மாமா."

அவன் அலறல் அடங்கியது. ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். ஆசாரி குனிந்தார். ஊசி இறங்கியது. அவன் இரண்டு கைகளையும் போனை நோக்கி நீட்டி, "மாமா, மாமா" என்று கத்தினான். என் மடியில் உட்கார்ந்துகொண்டு, என் கைகளை உதைத்துத் தள்ளியபடி, தன்னை வந்து தூக்கிக்கொண்டு போகச் சொல்லி என்னைக் கூப்பிட்டு அழுதான். கண்ணாடிக்குள் நான் குல்லாயோடு பனியில் நின்று, அவனுக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.